சீராக வந்த ஜாவா

தீர்த்தகிரி பொய் சொன்னதைக்கூட நஞ்சம்மாள் பொறுத்திருப்பாள். அந்தப் பொய்யை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அதுதான் இல்லை. காரிக்கொட்டாய் மாரியம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியிருந்தது. ஊர்க்கவுண்டர் சென்னப்பன் ஜமுக்காளத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டிய பெண்டாட்டி கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் அப்பன் பின்னால் நிற்கிறாள். இவன் கவுண்டரையே பார்த்துக்கொண்டு, வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு பேசினான்.

“அவ ஏறுன நேரம் வண்டி செத்துப்போச்சுங்க. அன்னையில இருந்து எனக்கு ஒண்ணும் வெளங்கல. இந்த ராசி எனக்கு வேணாங்க, தீத்து வுட்டுருங்க.”

கூட்டத்தில் நாலு தலை ஆடியது. ஊர் என்றால் அப்படித்தான். ஒரு பெண்ணை ராசியில்லாதவள் என்று எவனாவது சொல்லிவிட்டால் போதும், கேட்கிற ஒவ்வொருவனுக்கும் எப்போதோ செத்த தன் மாடு ஞாபகம் வந்துவிடும். நஞ்சம்மாள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

வண்டி எப்படிச் செத்தது என்று அவளுக்குத் தெரியும். அறுபத்தாறாம் வருஷம் கல்யாணம் பேசும்போதே மாப்பிள்ளை வீட்டார் மோட்டார் சைக்கிள் கேட்டார்கள். நஞ்சம்மாளின் அப்பன் பச்சியப்பன், ஈச்சனள்ளியில் இருந்த மேட்டுக்காட்டை விற்று, பெங்களூரில் ஒரு காண்ட்ராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஜாவாவைச் சீராக வாங்கிக் கொடுத்தார். கருஞ்சிவப்பு வண்டி. முகம் பார்க்கலாம் போல டேங்க், பக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு சைலன்சர். கல்யாணத்தன்று மேளக்காரர்கள் முன்னால் போக, மாப்பிள்ளை ஜாவாவை உறுமவிட்டுக்கொண்டு ஈச்சனள்ளியிலிருந்து காரிக்கொட்டாய் போனான். பெண் பின்னால் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தாள். யாருக்கு என்ன மரியாதை என்று அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும், விளங்கவில்லை.

அந்த வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். காண்ட்ராக்டர் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். தீர்த்தகிரிக்கு அடுத்தவன் சொல் காதில் ஏறினால்தானே! ஒருநாள் தர்மபுரிக்குப் போய்த் திரும்பும்போது பங்க்கில் வெறும் பெட்ரோல் போடச் சொன்னான். பின்னால் உட்கார்ந்திருந்த நஞ்சம்மாள் ஆயில் என்று வாயெடுத்தாள். உனக்கு என்னடி தெரியும், பொத்திக்கிட்டு உட்காரு என்றான். பாப்பாரப்பட்டி எட்டுவதற்குள் இன்ஜின் கொதித்து, பின்சக்கரம் இறுகிப் பிடித்துக்கொண்டு, வண்டி சறுக்கி விழுந்தது. அவளுக்கு முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. அவன் எழுந்தான், வேட்டியைத் தட்டினான், வண்டியை ஓர் உதை உதைத்தான். கீழே கிடந்தவளைத் தூக்கவில்லை, என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

வண்டியை மாட்டுக் கொட்டாயில் கொண்டுபோய்த் தள்ளினான். மாட்டு மூத்திரமும் சாணியும் அதன் மேல் பட்டன. அடுத்து ஆடி மாசம் வந்தது. பச்சியப்பன் வழக்கம்போல வந்து மகளை ஆடிக்கு அழைத்துக்கொண்டு போனார். ஆவணி பிறந்ததும் புருஷன் வந்து கூட்டிப்போக வேண்டும். ஆவணி பிறந்தது, புரட்டாசியும் போனது, தீபாவளியும் பொங்கலும் வந்து போயின. அவன் வரவில்லை. ஈச்சனள்ளியில் பஸ் நிற்பது அவள் வீட்டுக்கு நேர் எதிரில்தான். பிரேக் போடும் சத்தம் கேட்டாலே அவள் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அப்படி வந்து வந்து பார்த்தே வருஷங்கள் கழிந்தன. கடைசியில் வந்தது மொரப்பூர்ப் பக்கம் அவனுக்கு வேறு பெண் பார்த்திருக்கிறார்கள் என்ற சேதி.

அவனோடு வாழ வேண்டும் என்ற ஆசை நஞ்சம்மாளுக்கு எப்போதோ அற்றுப்போயிருந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் ஒருநாள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்து, எதையாவது கேட்க வேண்டும். அவள் இல்லை என்று சொல்ல வேண்டும். அதைப் பார்க்காமல் கண்ணை மூடுவதில்லை என்று இருந்தாள்.

தீர்த்து விடுவதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பெண் வீட்டுச் சீர் முழுவதும், வந்தது வந்தபடி, திரும்பிப் போக வேண்டும். கடைசிச் சாமான் வெளியேறும்போதுதான் ஊர்க்கவுண்டர் முன்னால், உறவு அறுந்ததற்கு அடையாளமாக, துரும்பு கிள்ளிப் போடுவார்கள். துரும்பு கிள்ளாதவனுக்கு எந்த ஊரிலும் பெண் கொடுக்க மாட்டார்கள். அதனால் தீர்த்தகிரி அவசர அவசரமாக எல்லாவற்றையும் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்திருந்தான். பசு கன்றோடு வந்தது, அண்டாவும் குடமும் தலைமேல் வந்தன. கடைசியாக ஒரு கட்டை வண்டி வந்து நின்றது. அதில் வைக்கோலோடு வைக்கோலாக ஜாவா கிடந்தது. சீட்டைக் கரையான் தின்றிருந்தது, டயர் இரண்டும் வெடித்துப்போயிருந்தன, மேலெல்லாம் ஒரே துரு.

பச்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போதுமம்மா, ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று கிசுகிசுத்தார். நஞ்சம்மாள் அப்பனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். பஞ்சாயத்தில் பொம்பளை பேசுவதா என்று ஒருவன் முனகினான். அவனை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

“பசு நடந்து வந்துச்சுங்க, நடந்து போவுது. அண்டா தலைமேல வந்துச்சு, தலைமேல போவுது. இந்த வண்டி ஓடி வந்துச்சுங்க. ஓடித்தான் போவணும்.”

சென்னப்பன் மீசையைத் தடவினார். அது எப்படியம்மா, செத்த வண்டி ஆயிற்றே என்று இழுத்தார். அவள் விடவில்லை. போன வருஷம் இதே வாசலில், சீராக வந்த எருது காலொடிந்து நின்றபோது, வைத்தியம் பார்த்து நடக்கவைத்துத்தான் திருப்ப வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது யார் என்று கேட்டாள். சொன்னது சாட்சாத் சென்னப்பன்தான். எருதுக்கு ஒரு ஞாயம் மோட்டாருக்கு ஒரு ஞாயம் என்று சொன்னால் நாளைக்கு எவன் அவர் பேச்சைக் கேட்பான்? வண்டி ஓடினால்தான் துரும்பு, ஓடுகிறதா என்று பெண் வீட்டார் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கட்டை வண்டியைத் திருப்பினார்கள். தீர்த்தகிரி பல்லைக் கடித்துக்கொண்டு போனான்.

பாப்பாரப்பட்டியில் ஞானராஜ் என்று ஒரு மெக்கானிக் இருந்தான். வேலை தெரிந்தவன்தான், செய்தால்தானே! இன்ஜினைக் கழற்றிக் கோணிமேல் பரப்பினான். பிறகு மாதா கோயில் திருவிழா என்று போனான். திரும்பி வந்ததும் மச்சான் பிள்ளைக்குக் கோயிலில் புதுநன்மை விருந்து, அது முடிந்ததும் காய்ச்சல். மொரப்பூர்க்காரர்கள் எப்போது, எப்போது என்று ஆள்மேல் ஆள் விட்டார்கள். தீர்த்தகிரி கத்திப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், கடைசியில் வேறு வழியில்லாமல் தானே அந்தக் கோணியின் முன்னால் குந்தினான். பிஸ்டன் வாங்கப் பெங்களூருக்கு பஸ் ஏறினான். கார்புரேட்டருக்கு சேலம், சங்கிலிக்கு ஓசூர். வெள்ளைச் சட்டை கலையாமல் திரிந்தவன் கை நகமெல்லாம் கிரீஸாகத் திரிகிறான் என்று சந்தைக்குப் போய்வந்தவர்கள் ஈச்சனள்ளியில் சொன்னார்கள். கேட்கக் கேட்க நஞ்சம்மாளுக்குக் காதில் தேன் பாய்ந்தது. அன்றைக்கு ஒரு வாய் சோறு கூடவே இறங்கியது.

முதல் தடவை கூப்பிட்டு அனுப்பினான். அப்பனோடு போனாள். வண்டி புகை கக்கிக்கொண்டு கிளம்பி, ஊர் எல்லைக் கல்லைத் தாண்டுவதற்குள் படுத்துக்கொண்டது. ஓடல என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள். தீர்த்தகிரி ஆத்திரத்தில் ஸ்பானரைத் தூக்கிக் கிணற்றில் போட்டானாம். அப்புறம் அதை எடுக்க அவனே கிணற்றில் இறங்கினானாம்.

இரண்டாம் தடவை வண்டி நன்றாகவே ஓடியது. கோயிலைச் சுற்றி வந்து நின்றது. கூட்டமே அப்பாடா என்றது. நஞ்சம்மாள் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தாள். கல்யாணத்தன்றைக்கு விளக்கு எரிந்ததே, ஹாரன் அடித்ததே, அதெல்லாம் எங்கே என்று கேட்டாள். டேங்க்கில் முகம் தெரிந்ததே, இப்போது துருத்தானே தெரிகிறது என்றாள். பச்சியப்பனுக்கே பொறுக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் புலம்பினார். அவன் துரும்பு கிள்ளாமல் நீயும்தானே கட்டுண்டு கிடக்கிறாய், உனக்கும் ஒரு வழி பார்க்க வேண்டாமா என்றார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, இருங்கப்பா என்றாள். கட்டுண்டு கிடப்பதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் தெரியவில்லை. கயிற்றின் இன்னொரு முனையில் அவன் கிடந்து துடிக்கிறானே, அது போதும்.

மூன்றாம் தடவை போனபோதுதான் அவளுக்கு அடி விழுந்தது.

தீர்த்தகிரி வண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். சும்மா துடைக்கவில்லை. பிள்ளைக்குத் தலை துவட்டுவது போலத் துடைத்தான். டேங்க் சேலத்தில் முலாம் பூசப்பட்டு மின்னியது. கருஞ்சிவப்புப் பெயிண்டைத் தானே அடித்திருந்தான், புதிய சீட்டைத் தானே தைத்திருந்தான். கிக்கரை ஒரு மிதி மிதித்தான். எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டு, இரண்டு சைலன்சரும் ஒரே சீராக முழங்கின. அவன் முகம் மலர்ந்துபோயிற்று. பக்கத்தில் நிற்பது யார் என்றுகூட நினைக்காமல், “அந்தச் சத்தத்தக் கேளு புள்ள, கேளு,” என்றான்.

அவளோடு குடும்பம் நடத்திய காலத்தில் அப்படி ஒரு வார்த்தை அவன் சொன்னதில்லை. இதைக் கேளு, அதைப் பாரு என்று ஒருநாள் கூப்பிட்டதில்லை. இப்போதும் அவளைக் கூப்பிடவில்லை, வண்டியின் சந்தோஷம் தாங்காமல் எதிரில் நின்ற ஓர் உருவத்திடம் சொன்னான். அவ்வளவுதான். நஞ்சம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அட பாவி, உனக்கு உருகவும் தெரியுமா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். அதோடு இன்னொன்றும் அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. இவனிடமிருந்து பறிப்பதற்கு இப்போதுதான் ஒரு பொருள் உண்டாகியிருக்கிறது.

“சரியா இருக்குதுங்க. கவுண்டரக் கூப்புடுங்க,” என்றாள்.

கோயில் வாசலில் மறுபடி கூட்டம் கூடியது. தீர்த்தகிரி வண்டியின் ஹாண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். சென்னப்பனைப் பார்த்து, வண்டிக்குப் பதிலாக உழவு எருது ஒரு ஜோடி தருகிறேன், இல்லை அவர்கள் என்ன கேட்டாலும் தருகிறேன், வண்டி இங்கேயே இருக்கட்டும் என்றான். சீருக்கு மாற்று கிடையாது என்று நஞ்சம்மாள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, கவுண்டரே சொல்லிவிட்டார். அவள் வேறு ஒன்று கேட்டாள். வெகு சாதாரணமாக, விவரம் தெரிந்துகொள்கிறவள் போலக் கேட்டாள்.

“எங்கூட்டுக்கு வர்ற வண்டி, மறுபடி கெட்டுப்போவக் கூடாதுங்க. மொத தடவ எதனால நின்னுச்சுன்னு சொன்னீங்கன்னா நாங்க பாத்து நடந்துக்குவோம்.”

அவன் வாயைத் திறந்தான். வண்டியைப் பற்றிக் கேட்டால் இப்போதெல்லாம் அவனால் நிறுத்த முடியாது. வெறும் பெட்ரோலில் ஓட்டிவிட்டேன், ஆயில் இல்லாமல் பிஸ்டன் காய்ந்து சிலிண்டரோடு இறுகிக்கொண்டது, தப்பு என்மேல்தான், வண்டிமேல் ஒரு குற்றமும் இல்லை, கலந்து ஊற்றினால் காலத்துக்கும் ஓடும் என்று கொட்டித் தீர்த்தான். எவ்வளவு பெட்ரோலுக்கு எவ்வளவு ஆயில் என்று கைவிரலை மடக்கிக் காட்டினான். சொல்லிக்கொண்டே வந்தவன் கூட்டத்தின் அமைதியைப் பார்த்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“அப்ப அந்தப் புள்ள ராசின்னு சொன்னியேடா?” என்றார் சென்னப்பன்.

அன்றைக்குத் தலையாட்டிய அதே தலைகள் இன்றைக்குத் தூ என்றன. கூட்டத்தில் வந்திருந்த மொரப்பூர் ஆள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நஞ்சம்மாள் வைக்கோல் துரும்பை எடுத்தாள். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறு முனையை அவன் பிடித்தான். பட்டென்று கிள்ளிப் போட்டாள். அப்போதும் அவன் கண் துரும்பில் இல்லை, அவள்மேலும் இல்லை. வண்டிமேல் இருந்தது.

ஓட்டத் தெரிந்தவர்கள் பெண் வீட்டில் யாரும் இல்லாததால் அவனே ஈச்சனள்ளிக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். வாசலில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினான். வாரம் ஒரு தடவையாவது ஸ்டார்ட் செய்ய வேண்டும், நிழலில் வைக்க வேண்டும் என்று பச்சியப்பனிடம் ஏதேதோ சொன்னான். சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்காமல், வேகாத வெயிலில் நடந்தே போனான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

வண்டியை விற்றுவிடலாம் என்றார் பச்சியப்பன். நல்ல விலை சொல்லிக்கொண்டு ஆள்களும் வந்தார்கள். நஞ்சம்மாள் சம்மதிக்கவில்லை. உள்ளே தள்ளி வைக்கவும் விடவில்லை. ஜாவா வாசலில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரில், திறந்த வெளியில் நின்றது. காரிக்கொட்டாயிலிருந்து தர்மபுரி போகிறவன் எவனும் அதைப் பார்க்காமல் போக முடியாது. ராசிப் பேச்சு பொய் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டதால், அவளைக் கேட்டு மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு நல்ல இடம்கூட வந்தது. வரட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றாள். அவளுக்கு முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது.

தீர்த்தகிரிக்குக் கல்யாணம் ஆயிற்று. எப்படியோ சமாதானம் சொல்லி மொரப்பூர்ப் பெண்ணைக் கட்டிவிட்டான். பஸ் ஈச்சனள்ளியில் நிற்கும்போதெல்லாம் அவன் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்ப்பதை நஞ்சம்மாள் வாசலில் நின்றே பார்த்தாள். வெயிலில் சீட்டு வெடித்தது. புழுதி படிந்தது. டயரில் காற்று இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அவன் முகம் இன்னும் கொஞ்சம் வாடியிருந்தது. அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. பொய் சொல்வானேன், அவ்வளவு ஆனந்தம் அவள் வாழ்நாளில் வேறெதிலும் அடைந்ததில்லை.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் பஸ் வந்து நின்றது. தீர்த்தகிரி கையில் ஒரு தார்ப்பாயோடு இறங்கினான். புதுப் பெண்டாட்டி ஜன்னல் வழியாகக் கூப்பிடக் கூப்பிட, மழையில் நனைந்துகொண்டு நேரே நஞ்சம்மாளின் வாசலுக்கு வந்து நின்றான். அவள் எத்தனை வருஷமாகக் காத்திருந்த நிமிஷம் அது! அவள் படியிறங்கி வந்தாள்.

“இத மட்டும் மேல போத்திக்கறேன். வேற ஒண்ணும் கேக்கல. மழ தண்ணி எறங்குனா இன்ஜின் போயிரும்,” என்றான்.

“முடியாது,” என்றாள் நஞ்சம்மாள். “இதே வாசல்ல நானும்தான் வெயில்லயும் மழையிலயும் நின்னேன். எனக்கு எவன் வந்து போத்துனான்?”

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. ஆனால் இனிக்கவில்லை. அவன் அதைக் கேட்டானா என்பதே சந்தேகம். டேங்க்கில் வழியும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலுக்கு வந்தான், கேட்டான், இல்லை என்று பதிலும் வாங்கிக்கொண்டான், எல்லாம் வண்டியிடம்தான். அவளை அவன் பார்க்கவே இல்லை. கண்டக்டர் விசில் அடித்தார். தீர்த்தகிரி தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு தளர்ந்து நடந்தான். போகும்போதும் தலை வண்டிப் பக்கமே திரும்பியிருந்தது.

தேங்காய் உரிக்கிற கடப்பாரை சுவரில் சாத்தியிருந்தது. நஞ்சம்மாள் அதை எடுத்தாள். இரண்டு கையாலும் ஓங்கி டேங்க்கின் நட்டநடுவில் இறக்கினாள். மழைச் சத்தத்தையும் பஸ் சத்தத்தையும் மீறி அந்த அடி கேட்டது. தீர்த்தகிரி தார்ப்பாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். வந்தவன் அவளுக்கும் வண்டிக்கும் எதிரில் நின்றான். வாய் கோணி, உதடு துடிக்க, முதல் தடவையாக அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான்.

“நல்லாப் பாத்துக்க,” என்றாள் அவள். கடப்பாரையை மறுபடியும் ஓங்கினாள்.